ஒரு மீட்டு, இரண்டு ஸ்வரம்

(நம் கிளையின் காலாண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் வழக்கமாக உபந்யாசமோ, உடல்நலக் குறிப்போ, யாத்திரை அனுபவமோ கேட்டுப் பழகியவர்கள் நீங்கள். நான் இன்று பேசப் போவது கிடாரைப் பற்றி. கிடாரிலும் ஹாமர்-ஆன், கிரேஸ் நோட் என்ற இரண்டு சின்னச் சின்னப் பிரயோகங்களைப் பற்றி. செயலாளரிடம் தலைப்பைச் சொன்னபோது, "மாமா, நிஜமாத்தான் சொல்றேளா?" என்று கேட்டார். நிஜமாகத்தான். முடிக்கும்போது ஒரு விண்ணப்பமும் வைக்கப் போகிறேன். அதற்காகவே இவ்வளவு பீடிகை.

முதலில் என் பக்கத்துத் தவறைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷங்களுக்கு முன் நம் நவராத்திரி இசைப் போட்டிக்கு, பதினைந்து வயதுக்கு உட்பட்டோர் பிரிவில், ஒரு பெண் விண்ணப்பம் போட்டாள். வாத்தியம் என்ற இடத்தில் கிடார் என்று எழுதியிருந்தாள். நம் விதிமுறையில் வீணை, வயலின், புல்லாங்குழல், மேண்டலின் என்று நான்குதான் இருக்கின்றன. அன்று கமிட்டியில் இருந்த ஐந்து பேரில் நானும் ஒருவன். "கிடாரில் கமகம் வராது, அது சினிமா வாத்தியம்" என்று முதலில் சொன்னவன் நான்தான். மற்றவர்கள் தலையாட்டினார்கள். விண்ணப்பம் திரும்பிப் போயிற்று.

முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் உத்தியோகத்தில் எத்தனையோ மனுக்களை நிராகரித்தவன் நான். ஆனால் ஒரு மனுவைக்கூட ஃபைலைப் படிக்காமல் நிராகரித்ததில்லை. இந்த ஒரு மனுவைத்தான் படிக்காமலே நிராகரித்தேன். கிடாரை நான் கையால் தொட்டதுகூட இல்லை. பிசிக்ஸ் படித்தவன், பரிசோதனை செய்யாமல் முடிவு சொன்னால் அது சரியா? அந்த உறுத்தல் போகவில்லை. சென்ற வருஷம் அந்தப் பெண்ணின் வீட்டுக்கே போய், "அம்மா, எனக்குக் கொஞ்சம் சொல்லிக் கொடு" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டாள். நான்கு மாதம், வாரத்துக்கு இரண்டு நாள், எழுபத்து நான்கு வயதில் எனக்கு ஒரு குரு கிடைத்தாள்.

ஹாமர்-ஆன் என்றால் என்ன?

கிடாரில் ஒரு ஸ்வரம் பிறக்க இரண்டு கைகள் வேண்டும். இடக்கை விரல் தந்தியை மெட்டின் பக்கத்தில் அழுத்தும், வலக்கை மீட்டும். ஹாமர்-ஆனில் இரண்டாவது ஸ்வரத்துக்கு வலக்கையின் வேலையே இல்லை. முதல் ஸ்வரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே, இடக்கையின் இன்னொரு விரல் அதே தந்தியில் மேல் மெட்டுக்குப் பக்கத்தில் சுத்தியல் மாதிரி 'டப்' என்று விழும். மீட்டாமலே அடுத்த ஸ்வரம் பிறந்துவிடும். ஒரு மீட்டு, இரண்டு ஸ்வரம். பெயரே அதனால்தான். இதற்கு நேர் எதிரானது புல்-ஆஃப். மேலே இருக்கும் விரல் தந்தியைவிட்டு விலகும்போது லேசாகப் பக்கவாட்டில் சுண்டிவிட்டு விலகும். கீழ் ஸ்வரம் ஒலிக்கும்.

ஸ்பெயின் தேசத்துக் கிடார்க்காரர்கள் இரண்டையும் சேர்த்து 'லிகாடோ' என்பார்கள். கட்டப்பட்டது, இணைக்கப்பட்டது என்று அர்த்தம். ஹாமர்-ஆன், புல்-ஆஃப் என்ற ஆங்கிலச் சொற்களைப் பரப்பியவர் அமெரிக்க நாட்டுப் பாடகர் பீட் சீகர். 1948-ல் அவர் பாஞ்சோ வாத்தியத்துக்கு ஒரு பாட புஸ்தகம் எழுதினார். பாஞ்சோவிலிருந்து அந்தச் சொற்கள் கிடாருக்கு வந்து ஒட்டிக்கொண்டன.

கிரேஸ் நோட் என்பது மேல்நாட்டு இசைக் குறிப்பில் பெரிய ஸ்வரத்துக்கு முன்னால் பொடி எழுத்தில் போடும் ஒரு குட்டி ஸ்வரம். அதன் காலில் குறுக்கே ஒரு கோடு இருந்தால் அதற்குத் தனியாகக் காலக் கணக்கே கிடையாது. தொட்டும் தொடாமலும் ஒலித்துப் பெரிய ஸ்வரத்தில் போய் ஐக்கியமாக வேண்டும். குறுக்குக் கோடு இல்லாமல் இருந்தால், பதினெட்டாம் நூற்றாண்டு வழக்கப்படி, அது பெரிய ஸ்வரத்தின் காலத்திலிருந்து ஏறக்குறைய பாதியை வாங்கிக்கொள்ளும். முதலாவது வாசலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் பக்கத்து வீட்டுக்காரர். இரண்டாவது உள்ளே வந்து காபி சாப்பிட்டுவிட்டுப் போகும் விருந்தாளி.

கிடாரில் இந்தக் குட்டி ஸ்வரத்தை வாசிக்க மிகச் சுலபமான வழி ஹாமர்-ஆன்தான். குட்டி ஸ்வரத்தை மீட்டிய உடனே மேல் விரல் விழுந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. இரண்டையும் தனித்தனியாக மீட்டினால் காதுக்கு இரண்டு ஸ்வரமாகத்தான் கேட்கும். ஒன்றாக ஒட்டாது.

பௌதிகம் என்ன சொல்கிறது?

பி.எஸ்ஸி.யில் சோனோமீட்டர் பரிசோதனை செய்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். தந்தியின் இழுவிசையும் கனமும் மாறாதிருந்தால், அதிர்வெண் நீளத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும். நீளம் பாதியானால் ஸ்வரம் மேல் ஸ்தாயிக்குப் போகும். சாதாரணக் கிடாரில் அதிரும் நீளம் சுமார் 650 மில்லிமீட்டர். பன்னிரண்டாவது மெட்டு சரியாகப் பாதியில், 325-ல் இருக்கிறது. மெட்டுக்கு மெட்டு தூரம் குறைந்துகொண்டே போகும். முதல் மெட்டு மேல்முனையிலிருந்து 36 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். பன்னிரண்டுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவே 18 மில்லிமீட்டர்தான். ஆகவே ஹாமர்-ஆன் பழக ஆரம்பிப்பவர்கள் நடுவில், ஐந்தாவது மெட்டுப் பக்கம் ஆரம்பிப்பது நல்லது. மேல்முனைப் பக்கம் விரல்களை அகல விரிக்க வேண்டியிருக்கும்.

மீட்டாமல் சப்தம் எங்கிருந்து வருகிறது? இரண்டு இடத்திலிருந்து. ஒன்று, முதல் மீட்டில் தந்திக்குக் கொடுத்த சக்தியில் மிச்சம் இருப்பது. இரண்டு, விழும் விரல் தந்திக்குக் கொடுக்கும் அடி. விரல் விழுந்ததும் தந்தி இரண்டு துண்டாகிறது. மேல்முனைப் பக்கத்துத் துண்டை விரலே அமுக்கி அடக்கிவிடுகிறது. குதிரைப் பக்கத்துத் துண்டு புது ஸ்வரத்தில் அதிர்கிறது. மிச்சச் சக்தி நேரம் ஆக ஆகக் கரைந்துகொண்டே இருக்கும். அதனால் தாமதித்து விழுந்தால் ஸ்வரம் மங்கலாக வரும்.

என் முதல் இரண்டு வாரமும் இந்த மங்கலோடுதான் போயிற்று. நான் பலம் போதவில்லை என்று நினைத்து, விரல் நுனி சிவக்கும்படி அமுக்கினேன். அந்தப் பெண் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னாள்: "தாத்தா, பலமா அமுக்காதீங்கோ. வேகமா தட்டுங்கோ. தட்டினப்புறம் சும்மா வெச்சுண்டா போறும்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இயக்க சக்தி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று காலேஜில் படித்தவன் நான். வேகம் இரட்டித்தால் சக்தி நான்கு மடங்கு. ஒன்பதாம் வகுப்பில் அந்தச் சூத்திரத்தை இப்போதுதான் படித்துக்கொண்டிருந்தவள், அதைத் தன் விரலில் வைத்திருந்தாள். நான் நோட்டுப் புஸ்தகத்தில் வைத்திருந்தேன்.

இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தாள். விரல் இரண்டு மெட்டுகளுக்கு நடுவில் விழக்கூடாது. மேல் மெட்டுக்கு ஒட்டினாற்போல், ஆனால் மெட்டின் மேல் ஏறாமல் விழ வேண்டும். அங்கேதான் குறைந்த பலத்தில் தந்தி மெட்டைச் சுத்தமாகத் தொடும். நடுவில் விழுந்தால் 'ஜர்ர்' என்ற இரைச்சல்தான்.

பழகும் முறை

வீட்டில் குழந்தைகள் கிடார் கற்றுக்கொண்டால் உங்களுக்கு உபயோகப்படட்டும் என்று நான் செய்த சாதகத்தைச் சொல்கிறேன்.

மூன்றாவது தந்தியில் ஆள்காட்டி விரலை ஐந்தாவது மெட்டில் வையுங்கள். அது மேல்நாட்டார் கணக்கில் சி. நாம் அதை ஸட்ஜம் என்று வைத்துக்கொள்வோம். மோதிர விரல் ஏழாவது மெட்டில் விழுந்தால் சதுச்ருதி ரிஷபம். ஸ மீட்டி, ரி தட்ட வேண்டும். தட்டும்போது ஆள்காட்டி விரலை எடுத்துவிடக் கூடாது. முதலில் எல்லோரும் செய்யும் தவறு இதுதான். மெட்ரோனோமை அறுபதில் வைத்து, ஒரு தட்டுக்கு மீட்டு, அடுத்த தட்டுக்கு ஹாமர் என்று ஆரம்பிக்கவும். இரண்டு ஸ்வரமும் ஒரே அளவு சப்தத்தில் வரும் வரை வேகத்தைக் கூட்டக் கூடாது. பிறகு ஒரு தட்டுக்குள் இரண்டும். கடைசியில் குட்டி ஸ்வரமாகச் சுருக்க வேண்டும்.

நான்கு விரலுக்கும் தனித்தனியாகப் பழக வேண்டும். மோதிர விரலும் சுண்டு விரலும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாத ஜாதி. புறங்கையில் அவற்றின் தசைநாண்கள் குறுக்கே இணைக்கப்பட்டிருப்பதால் ஒன்றைத் தூக்கினால் மற்றதும் கூட வரும். எனக்குச் சுண்டு விரல் இன்றுவரை முழுசாக வசப்படவில்லை. ஒரு நாளைக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் செய்யாதீர்கள். மணிக்கட்டில் வலி வந்தால் உடனே நிறுத்துங்கள். வலியோடு சாதகம் செய்வது வைராக்கியம் ஆகாது.

இன்னொரு அழகான இடம் சி கார்டு. அதில் நான்காவது தந்தியில் இரண்டாவது மெட்டை நடுவிரல் பிடித்திருக்கும். அந்த ஒரு விரலை மட்டும் தூக்கி, வெறும் தந்தியை மீட்டி, மறுபடி தட்டினால் ரிஷபத்திலிருந்து காந்தாரத்துக்கு ஒரு குட்டித் தாவல் கிடைக்கும். மற்றத் தந்திகள் ஒலித்துக்கொண்டே இருக்க, நடுவில் இந்த ஒன்று மட்டும் கண் சிமிட்டும். அமெரிக்க நாட்டுப் பாடல்களில் அடிக்கடி வரும் பிரயோகம் இது.

எலெக்ட்ரிக் கிடாரில் சப்தத்தை ஆம்ப்ளிஃபயர் பார்த்துக்கொள்வதால், லேசாகத் தட்டினாலே போதும். தந்தியும் மெல்லியது. இதை எல்லைக்கே கொண்டுபோனவர் எடி வான் ஹேலன். 1978-ல் வெளிவந்த இசைத்தட்டில் வலக்கை விரலாலும் மெட்டின் மேல் தட்டி வாசித்தார். 2020-ல் காலமானார். அவர் இசை என் காதுக்குக் கொஞ்சம் காட்டம். ஆனால் இரண்டு கையாலும் ஹாமர்-ஆன் என்ற யோசனை எவ்வளவு எளிமையானது என்று பார்க்கும்போது வியக்காமல் இருக்க முடியவில்லை.

ஸ்புரிதம்

இரண்டாவது மாதத்தில் ஒரு நாள். ஸ-ரி குட்டி ஸ்வரம் பழகிக்கொண்டிருக்கும்போது அந்தப் பெண், "தாத்தா, இப்போ இதைக் கேளுங்கோ" என்று ஜண்டை வரிசை வாசித்தாள். ஸஸ ரிரி கக மம. ஒவ்வொரு ஜண்டையிலும் இரண்டாவது ஸ்வரத்துக்கு முன்னால் கீழ் ஸ்வரம் ஒரு க்ஷணம் எட்டிப் பார்த்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அது ஸ்புரிதம்!

வீணை வாசிப்பவர்களுக்குத் தெரியும். ஜண்டையில் கீழ் மெட்டில் ஆள்காட்டி விரல் நிற்க, நடுவிரலைச் சற்றே தூக்கி மறுபடி மேல் மெட்டில் தட்டுவார்கள். புல்-ஆஃப், உடனே ஹாமர்-ஆன்! அதே விரல், அதே தட்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் சங்கீத ரத்னாகரத்தில் பதினைந்து கமகங்களைச் சொல்கிறார். அதில் ஸ்புரிதமும் உண்டு. 1904-ல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினியில் ஒவ்வொரு கமகத்துக்கும் தனி அடையாளக் குறி போட்டிருக்கிறார். மேல்நாட்டார் ஸ்வரத்தின் தலையில் போடும் பொடி எழுத்துக்கும் இதற்கும் நோக்கம் ஒன்றுதான். எழுத்துக்குள் அடங்காத ஒரு அசைவை எப்படியாவது காகிதத்தில் பிடித்துவைக்க வேண்டும் என்ற தவிப்பு.

ஆனால் உண்மையை முழுசாகச் சொல்ல வேண்டும். ஹாமர்-ஆன் படிக்கட்டு மாதிரி. ஒரு மெட்டிலிருந்து இன்னொரு மெட்டுக்குத் தாவும், நடுவில் எதுவும் இல்லை. தோடி காந்தாரம் படிக்கட்டில் ஏறாது. அது ஊஞ்சல். அதற்குத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து அசைக்க வேண்டும். வீணையில் மெட்டுகள் மெழுகின் மேல் உயரமாக நிற்பதால் விரலுக்கு அடியில் கட்டை இல்லை, இழுக்கத் தாராளமாக இடம் இருக்கிறது. கிடாரில் மெட்டு தாழ்வு, தந்தி விறைப்பு. சாதாரணமாக ஒரு முழு ஸ்வரம் இழுப்பதே பிரயத்தனம்.

இந்தக் குறை ஜான் மக்லாக்லினுக்கும் தெரிந்திருக்கிறது. இங்கிலாந்துக்காரர். அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர். 'சக்தி' குழுவில் வாசித்தபோது மெட்டுகளுக்கு நடுவில் மரத்தைக் குழிவாகச் செதுக்கிய விசேஷக் கிடாரைச் செய்வித்துக்கொண்டார். வீணையைப் போலத் தந்தியை இழுப்பதற்காக! அந்தச் 'சக்தி' குழுவுக்குத்தான் 2024-ல் கிராமி விருது கிடைத்தது. நம்மவர்களில் ஆர். பிரசன்னா, சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்துவிட்டு, கர்நாடக சங்கீதக் கச்சேரியையே கிடாரில் செய்து வருகிறார்.

ஒரு பரிசோதனை

நம் சங்கத்தில் நாற்பது வருஷமாக வீணை சொல்லிக் கொடுக்கும் மாமி ஒருவரை வேண்டிக்கொண்டேன். என் வீட்டு ஹாலில் ஒரு வேஷ்டியைத் திரையாகக் கட்டினேன். அந்தப் பக்கம் பெண், இந்தப் பக்கம் மாமி. யார், என்ன வாத்தியம் என்று சொல்லவில்லை.

ஜண்டை வரிசை முடிந்தது. மாமி, "வீணை இல்லே. ஆனா ஸ்புரிதம் சரியான இடத்துல விழறது. நன்னா சொல்லிக் கொடுத்திருக்கா" என்றார். அடுத்து மோகனத்தில் ஒரு வர்ணம். "தாளம் ஸ்திரமா இருக்கு. குழந்தைக்குக் காது இருக்கு." கடைசியில் தோடி. மாமி முகத்தைச் சுளித்தார். "காந்தாரம் நிக்கறது, அசையலை. இன்னும் ரெண்டு வருஷம் பாடம் பண்ணணும்."

திரையை விலக்கினேன். கிடாரைப் பார்த்து மாமி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தோடியை மட்டும் எங்கிட்ட பாட்டா வந்து கத்துக்கோ. பாடத் தெரிஞ்சா விரல் தானா வழி கண்டுபிடிக்கும்" என்றார். இப்போது வாரா வாரம் சனிக்கிழமை அந்தப் பெண் மாமி வீட்டுக்குப் போகிறாள்.

"கிடாரில் கமகம் வராது" என்ற என் வாக்கியம் பாதி பொய், கால் உண்மை. மிச்சக் கால், வாசிப்பவரின் உழைப்பைப் பொறுத்தது. ஒரு குழந்தையின் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்ப இந்த ஆதாரம் போதுமா? போதாது.

விண்ணப்பம்

நம் பட்டியலில் வயலின் இருக்கிறது. முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் வெள்ளைக்காரரிடம் கற்று நமக்குக் கொண்டுவந்த வாத்தியம் அது. மேண்டலின் இருக்கிறது. யூ. ஸ்ரீநிவாஸ் என்ற ஒரு பாலகன் எலெக்ட்ரிக் மேண்டலினோடு மேடை ஏறியிராவிட்டால் அதுவும் நம் பட்டியலில் இருந்திருக்காது. 2014-ல் நாற்பத்தைந்து வயதில் அவர் மறைந்தபோது நாமெல்லாம் கண் கலங்கினோம். முத்துஸ்வாமி தீட்சிதரே மேல்நாட்டு மெட்டுகளுக்கு சம்ஸ்கிருத சாஹித்யம் செய்து நோட்டுஸ்வரம் என்று கொடுத்திருக்கிறார். அவர் காதால் கேட்டுத் தீர்மானித்தார். நான் வாத்தியத்தின் பெயரைப் பார்த்துத் தீர்மானித்தேன்.

ஆகவே என் விண்ணப்பம் இதுதான். வரும் நவராத்திரிப் போட்டி விதிமுறையில் நான்கு வாத்தியங்களின் பெயரை எடுத்துவிட்டு, "எந்த வாத்தியமானாலும், சுருதி, தாளம், ராக பாவம், கமக சுத்தம் ஆகியவற்றைக் கொண்டு மதிப்பிடப்படும்" என்று போடுவோம். கமகம் சரியில்லை என்றால் மார்க் குறையட்டும். ஆனால் உட்கார்ந்து கேட்டபின் குறையட்டும். மற்ற ஊர்க் கிளைகளிலும் இதே விதி இருக்கிறதா என்று அங்குள்ள அங்கத்தினர்கள் பார்த்து, தங்கள் கமிட்டியிடம் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நம் குழந்தைகள் பல ஊர்களில், பல பாஷைகளுக்கு நடுவில் வளர்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் கைக்கு எட்டுவது கிடார்தான் என்றால், அந்தக் கிடாரோடு நம் வாசலுக்கு வரும் குழந்தையை நாம் திருப்பி அனுப்பக் கூடாது.

அந்தப் பெண்ணுக்கு இப்போது பதினாறு நடக்கிறது. அந்தப் பிரிவில் இனி அவள் கலந்துகொள்ள முடியாது. அவள் விஷயத்தில் நாம் செய்ததைத் திருத்த வழியில்லை. அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் பரவாயில்லே தாத்தா. உங்க சுண்டு விரல்தான் இன்னும் தூங்கறது, அதைப் பாருங்கோ" என்றாள்.

பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். தினம் பத்து நிமிஷம்.